ஸ்காட் ஆடம்ஸின் 'தி டில்பர்ட் பிரின்சிபிள்': இப்போது வாங்கிப் படிக்கலாமா?

வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் இது பிடித்துப்போய், இவர் எழுதிய மற்ற புத்தகங்களையும் வரிசையாக ஆர்டர் போடலாம் என்று கை பரபரத்தால் கொஞ்சம் பொறுங்கள். ஸ்காட் ஆடம்ஸ் மேல் அப்படி நம்பிக்கை வைத்துத்தான் உலகம் முழுக்க ஆபீஸ் ஊழியர்கள் பலர் நொந்துபோனார்கள், நானும் அதில் ஒருவன்.

டில்பர்ட் தெரியாத தலைமுறை ஒன்று வந்துவிட்டது என்பதால் ஒரு சின்ன அறிமுகம். அமெரிக்க காமிக்ஸ் ஸ்ட்ரிப். 1989 ஏப்ரலில் தொடங்கியது. கழுத்து டை எப்போதும் மேல்நோக்கி வளைந்து நிற்கும் டில்பர்ட் என்ற இன்ஜினியர், ஒன்றும் தெரியாமல் எல்லாவற்றிலும் தலையிடுகிற, தலையின் இரண்டு பக்கமும் முடி கொம்பு மாதிரி நிற்கிற பாஸ், காபி கோப்பையோடு திரிந்துகொண்டு வேலையே செய்யாத வாலி, கோபக்கார ஆலிஸ், ஹெச்.ஆர். இயக்குநராக ஒரு கொடூரப் பூனை, எல்லோரையும் விடப் புத்திசாலியான ஒரு நாய். வரைந்த ஆடம்ஸ் அப்போது கலிஃபோர்னியாவில் பசிபிக் பெல் என்ற தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வங்கியில். 1995 வரை வேலையை விடாமல், விடியற்காலையில் எழுந்து வரைந்துவிட்டு ஆபீஸ் போனவர். க்யூபிக்கிளுக்குள் உட்கார்ந்தபடியே க்யூபிக்கிளைப் பற்றி வரைந்தவர், அதனால்தான் அது அவ்வளவு சுருக்கென்று தைத்தது.

1993இல் அவர் ஒரு காரியம் செய்தார். தன் மின்னஞ்சல் முகவரியை ஸ்ட்ரிப்பிலேயே போட்டார். இன்றைக்கு அது ஒரு விஷயமே இல்லை, அன்று பத்திரிகை கார்ட்டூனிஸ்ட் யாரும் அப்படிச் செய்வதில்லை. கடிதங்கள் குவிந்தன. எங்கள் மேனேஜர் இப்படிச் செய்தார், எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு சுற்றறிக்கை வந்தது என்று ஊழியர்கள் கொட்டித் தீர்த்தார்கள். ஆபீஸ் ஜோக்குகளைத்தான் மக்கள் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் டில்பர்ட்டை வீட்டிலிருந்து கிளப்பி முழுக்க ஆபீஸுக்குள் கொண்டுபோனார். அதன் பலன்தான் 1996இல் வந்த இந்தப் புத்தகம். இதில் பாதிக்குப் பாதி ரசிகர்கள் எழுதி அனுப்பிய கதைகள் என்றே சொல்லலாம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தொடக்கத்திலேயே அந்தக் கதைகள் சில வருகின்றன. ஒரு நிறுவனம் வெளியூர் போகும் ஊழியர்களுக்காக லேப்டாப் வாங்குகிறது. திருடு போய்விடுமோ என்று பயந்து, எல்லா லேப்டாப்பையும் அவரவர் மேசையோடு நிரந்தரமாகப் பிணைத்துவிடுகிறது. இன்னொரு பெரிய நிறுவனம் ஒரே நேரத்தில் இரண்டு திட்டங்களை அறிவிக்கிறது: ஒன்று, ஊழியர்களுக்குத் திடீர் போதைமருந்துச் சோதனை, மற்றொன்று, தனிமனித கண்ணியத்தை உயர்த்தும் திட்டம். முப்பது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கக் கதைகள் இவை. படிக்கும்போது நம் ஆபீஸ் வாட்ஸாப் குரூப்பில் நேற்று யாரோ போட்டது மாதிரியே இருக்கிறது. கீழே இருப்பவன் வாயைத் திறக்க முடியாத இடத்தில் மேலே இருப்பவனின் அபத்தத்தைத் தட்டிக் கேட்க ஆள் இருக்காது, அது எந்த ஊரானாலும் அப்படித்தான்.

அதே முன்னுரையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. நாம் எல்லோருமே முட்டாள்கள், ஆளுக்கு ஆள் முட்டாளாகிற விஷயமும் நேரமும்தான் வேறு என்கிறார் ஆடம்ஸ். சும்மா சொல்லவில்லை, தன்னையே சாட்சிக்கு இழுக்கிறார். அவருடைய பேஜர் வேலை செய்யவில்லை. பேட்டரி மாற்றியும் பலனில்லை. தயாரிப்பு சரியில்லை என்று கோபத்தோடு பழுதுபார்க்கும் இடத்துக்கு எடுத்துப்போகிறார். அங்கே இருந்தவர் வாங்கினார், மூடியைத் திறந்தார், பேட்டரியைத் திருப்பிப் போட்டார், திருப்பிக் கொடுத்தார். ஒரே வீச்சில். பலமுறை செய்து பழகிய கை. அவ்வளவு ஆவேசத்தோடு போன ஆடம்ஸுக்குச் சொல்ல வார்த்தை இல்லை. இந்த ஒரு பத்தி இருப்பதால்தான் மீதிப் புத்தகம் முழுக்க அவர் மேனேஜர்களையும் கன்சல்டன்ட்களையும் மார்க்கெட்டிங் ஆட்களையும் கிழிகிழியென்று கிழிக்கும்போது நமக்குக் கசக்கவில்லை. கிழிக்கிறவர் தானும் அந்த வரிசையில் நிற்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

தலைப்பில் இருக்கும் தத்துவம் இதுதான்: வேலை தெரியாதவர்களை எங்கே வைத்தால் குறைந்த சேதமோ அங்கே நகர்த்துகிறார்கள், அந்த இடத்துக்குப் பெயர் நிர்வாகம். அதற்கு முன்பு பீட்டர் பிரின்சிபிள் என்று ஒன்று இருந்தது. திறமையாக வேலை செய்பவனுக்குப் பதவி உயர்வு கொடுத்துக்கொண்டே போய், கடைசியில் அவனுக்குத் தெரியாத வேலையில் உட்காரவைத்துவிடுவார்கள் என்பது அது. அதிலாவது மேனேஜர் ஒரு காலத்தில் வேலை தெரிந்தவராக இருந்திருப்பார், இப்போது அதுவும் இல்லை என்பது ஆடம்ஸின் ஆதங்கம்.

நிர்வாகத்தின் பெரும் பொய்கள் என்று ஓர் அத்தியாயம். ஊழியர்களே எங்கள் மிகப்பெரிய சொத்து என்பதுதான் அதில் முதல் பொய். இதே பொய்யை வைத்து அவர் வரைந்த ஸ்ட்ரிப் உலகப் புகழ் பெற்றது. பாஸ் சொல்கிறார்: ஊழியர்கள்தான் மதிப்புமிக்க சொத்து என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தேன், அது தப்பாம், பணம்தான் முதல் இடமாம், ஊழியர்கள் ஒன்பதாவது. எட்டாவது எது என்று கேட்கவே பயமாக இருக்கிறது என்று வாலி கேட்க, கார்பன் பேப்பர் என்று பதில் வருகிறது. லேஆஃப் சீசனில் இதைப் பிரிண்ட் எடுத்து ஒட்டாத ஐ.டி. ஆபீஸே இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அப்ரைசல் பற்றிய அத்தியாயமும் அதே தரம். இன்ஜினியர்களை விளக்கும் அத்தியாயத்தை, வீட்டில் இன்ஜினியர் இருக்கும் எல்லோரும் படிக்கவேண்டும். அதில் கிண்டல் இருக்கிறது, அதைவிடப் பாசம் அதிகமாக இருக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. ஐஎஸ்ஓ 9000 தரச்சான்று, கம்பெனியை அடியோடு மாற்றியமைக்கும் ரீஇன்ஜினியரிங் பற்றிய அத்தியாயங்கள் தொண்ணூறுகளோடு காலாவதியாகிவிட்டன, தாண்டிப் போய்விடலாம். நடுவில் சில இடங்களில் கடிதங்களை அப்படியே அடுக்கிவைத்துவிட்டு ஒப்பேற்றியிருக்கிறார். பேப்பர்பேக் பதிப்பில் ஸ்ட்ரிப்கள் சின்னதாக, கறுப்பு வெள்ளையில் இருக்கின்றன, நாற்பது தாண்டிய கண்களுக்குச் சிரமம்.

சரி, இப்போது மற்ற விஷயத்துக்கு வருகிறேன். புத்தகத்தைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு இதை விட்டால் அது நேர்மையான விமர்சனம் ஆகாது.

நம் ஊர் ஆட்களுக்கு டில்பர்ட் மேல் தனிப் பிரியம் வர ஒரு காரணம் இருந்தது. இந்தப் புத்தகம் வந்த அதே 1996இல் ஸ்ட்ரிப்பில் அசோக் வந்து சேர்ந்தான். இந்தியன், ஐஐடியில் படித்தவன், அந்த ஆபீஸிலேயே பெரிய மூளைக்காரன், ஆனால் வருஷக்கணக்காக இன்டர்ன். பசிபிக் பெல்லில் ஆடம்ஸோடு வேலை பார்த்த ஒரு நண்பரின் பெயரைத்தான் அவனுக்கு வைத்தார். அமெரிக்க டிவியில் இந்தியன் என்றாலே கடை நடத்துகிற ஆள் என்றிருந்த காலத்தில், இவன் நம்மைப் போலவே மீட்டிங்கில் உட்கார்ந்து பரிதாபமாக விழித்தான். 2013 டிசம்பரில் ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவு செல்லும் என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, 2014 பிப்ரவரியில் ஆடம்ஸ் அசோக்கை ஒருபாலீர்ப்பாளன் என்று ஸ்ட்ரிப்பிலேயே அறிவித்தார், அந்தத் தீர்ப்பைக் கண்டிப்பதற்காகவே. கலிஃபோர்னியாவில் உட்கார்ந்திருந்த ஒரு கார்ட்டூனிஸ்டுக்கு அதைச் செய்யவேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. அவர் மேல் இருந்த மரியாதை அன்றைக்கு எனக்கு இன்னும் கூடியது.

ஆனால் அறிகுறிகள் அதற்கு முன்பே இருந்தன. யூதப் படுகொலையில் அறுபது லட்சம் பேர் இறந்தார்கள் என்ற எண்ணிக்கை எப்படி வந்தது என்று 2006இல் தன் வலைப்பதிவில் கேட்டார். 2011இல் பெண்களைப் பற்றி எழுதிய பதிவு ஒன்றில், அவர்களைக் குழந்தைகளோடும் மனவளர்ச்சி குன்றியவர்களோடும் ஒரே மூச்சில் சேர்த்துப் பேசினார், எதிர்ப்பு வந்ததும் பதிவை எடுத்துவிட்டார். அதே வருஷம் வேறு பெயரில் கணக்கு தொடங்கி, ஸ்காட் ஆடம்ஸ் ஒரு ஜீனியஸ் என்று தனக்குத் தானே வக்காலத்து வாங்கி, அது அம்பலமானது. பேஜர் கதை எழுதிய மனிதர் செய்கிற காரியமா இது? அன்றே சிலர் விலகிப்போனார்கள். பெரும்பாலானவர்கள், கலைஞன் என்றால் கொஞ்சம் கோணலாகத்தான் இருப்பான் என்று விட்டுவிட்டோம்.

2015 ஆகஸ்டில், எல்லோரும் ட்ரம்ப்பைக் கோமாளி என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் ஜெயிப்பார் என்று ஆடம்ஸ் எழுதினார். பிறகு அதற்கு 98 சதவீத வாய்ப்பு என்று எண்ணும் கொடுத்தார். ட்ரம்ப் ஜெயித்தும் விட்டார். அந்தக் கணிப்புக்கு உரிய பாராட்டைக் கொடுக்கத்தான் வேண்டும், பெரிய பெரிய ஆட்களால் முடியாததை அவர் கணித்தார். ஆனால் அதுவே அவரைக் கெடுத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மனிதர்களை இயக்குவது வசியப்பேச்சுதான், அந்த வித்தை தெரிந்தவர்கள் ட்ரம்ப்பும் நானும், மற்ற எல்லோரும் மயங்கிக் கிடக்கிறார்கள் என்ற தொனி வந்துவிட்டது. 2017இல் வந்த 'வின் பிக்லி' புத்தகத்தின் துணைத்தலைப்பே, உண்மைகள் பொருட்படாத உலகில் வசியப்படுத்துவது எப்படி என்பதுதான். இன்ஜினியர்கள் எப்போதும் உண்மையே பேசுவார்கள் என்று எழுதியவரின் புத்தகத்துக்கு இந்தத் தலைப்பு. எல்லோரும் முட்டாள்கள் என்ற பட்டியலில் இருந்து ஓசைப்படாமல் தன் பெயரை அடித்துவிட்டார், அவ்வளவுதான் நடந்தது.

2020இல், பைடன் ஜெயித்தால் ஒரு வருஷத்துக்குள் நீங்கள் செத்துப்போக நல்ல வாய்ப்பிருக்கிறது என்று குடியரசுக் கட்சிக்காரர்களை எச்சரித்து ட்வீட் போட்டார். அதே வருஷம், டில்பர்ட்டை வைத்து வந்த தன் டிவி தொடர் 2000இல் நின்றுபோனதற்குக் காரணம் தான் வெள்ளைக்காரனாக இருந்ததுதான் என்றும், அப்படிப் பறிபோன மூன்றாவது வேலை அது என்றும் எழுதினார். வங்கியிலும் பசிபிக் பெல்லிலும், வெள்ளை ஆண்களுக்கு இப்போதைக்குப் பதவி உயர்வு இல்லை என்று மேலதிகாரிகள் சொல்லிவிட்டதாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அது அப்படியே நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்த முடிவை எடுத்தது யார்? பேர் வரவேண்டும் என்பதற்காகக் கணக்கு காட்டிய நிர்வாகம், அந்தக் கொம்பு முடி பாஸ். இந்தப் புத்தகம் முழுக்க ஆடம்ஸ் திட்டுவது அந்த பாஸைத்தான், சரியாகவே திட்டுகிறார். முப்பது வருஷம் கழித்து அந்த பாஸ் அவர் கண்ணில் இருந்து மறைந்துவிட்டான், அதே க்யூபிக்கிள் வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கறுப்பின ஊழியன்தான் குற்றவாளியாகத் தெரிந்தான். எனக்கு இவர் மேல் இருக்கும் கோபம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது.

2022இல் அது ஸ்ட்ரிப்புக்குள்ளேயே வந்தது. 33 வருஷத்தில் டில்பர்ட்டில் வந்த முதல் கறுப்பினப் பாத்திரம் டேவ், அவன் தன்னை வெள்ளையன் என்று சொல்லிக்கொண்டு எல்லா இனத்தவரும் வேலையில் இருக்கிறார்கள் என்று பாஸ் காட்டும் பன்முகத்தன்மைக் கணக்கைக் கெடுப்பான் என்பதுதான் அவனை வைத்து எழுதிய ஜோக்கே. அந்த செப்டம்பரில் 77 நாளிதழ்கள் டில்பர்ட்டை நிறுத்திவிட்டதாக ஆடம்ஸே சொன்னார்.

அப்புறம் 2023 பிப்ரவரி 22. தினமும் காலையில் காபியோடு அவர் நடத்தும் யூடியூப் நிகழ்ச்சி. ராஸ்முசன் என்ற நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பை எடுத்துக்கொண்டார். வெள்ளையராக இருப்பதில் தப்பில்லை என்ற வாக்கியத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்பது கேள்வி. இணையத்தில் இனவெறிக் கும்பல்கள் வம்பிழுக்கப் பயன்படுத்திய வாக்கியம் அது, அதனால் கேட்டதுமே பலருக்குச் சந்தேகம் வரும். கறுப்பினத்தவரில் 53 சதவீதம் பேர் ஒத்துக்கொண்டார்கள், 26 சதவீதம் பேர் மறுத்தார்கள், 21 சதவீதம் பேர் உறுதியாகச் சொல்லவில்லை. ஆடம்ஸ் கடைசி இரண்டையும் கூட்டி, ஏறக்குறைய பாதிப் பேர் என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் ஒரு வெறுப்புக் கூட்டம், வெள்ளைக்காரர்களுக்கு என் அறிவுரை அவர்களிடம் இருந்து விலகி ஓடுங்கள் என்பதுதான் என்றார்.

கணக்கைப் பாருங்கள். மொத்தக் கணிப்பே ஆயிரம் பேரிடம் எடுத்தது. அதில் கறுப்பினத்தவர் சுமார் 130 பேர். அதில் பாதி என்றால் அறுபதைச் சொச்சம் பேர், அதிலும் ஒரு பகுதி தெரியவில்லை என்று சொன்னவர்கள். இந்த அறுபது பேரை வைத்து நான்கு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார். பொருளாதாரத்தில் பட்டம், பெர்க்லியில் எம்பிஏ. இப்படி ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பாஸ் மீட்டிங்கில் பேசினால் டில்பர்ட் என்ன செய்வான் என்பது அவருடைய வாசகர்களுக்கு மனப்பாடம். அதைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வாஷிங்டன் போஸ்ட், லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ், யுஎஸ்ஏ டுடே குழுமத்தின் நாளிதழ்கள் என்று வரிசையாக டில்பர்ட்டை நிறுத்தின. சில நாட்களிலேயே விநியோகம் செய்த ஆண்ட்ரூஸ் மெக்மீல் நிறுவனம் உறவை முறித்துக்கொண்டது. பெங்குயின் ரேண்டம் ஹவுஸின் ஒரு பிரிவு வெளியிடவிருந்த அவருடைய அடுத்த புத்தகமும் ரத்தானது. மிகைப்படுத்திச் சொன்னேன் என்று விளக்கம் கொடுத்தார், ஆனால் சொன்னதில் இருந்து பின்வாங்கவில்லை. சந்தா கட்டுபவர்களுக்கு மட்டும் டில்பர்ட்டைத் தொடர்ந்து வரைந்தார். 2025 மே மாதம், பிராஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டது என்று அவரே அறிவித்தார். 2026 ஜனவரியில், 68 வயதில் இறந்துபோனார். அந்தச் செய்தி வந்தபோது பழைய ரசிகர்கள் பலருக்கு எப்படி வருத்தப்படுவது என்றே தெரியவில்லை. அந்த வருத்தம் பொய் இல்லை. மோசமான வேலையில் மாட்டிக்கொண்டு, இந்தப் பைத்தியக்காரத்தனம் எனக்கு மட்டும்தான் தெரிகிறதா என்று குழம்பிக்கிடந்த லட்சக்கணக்கான பேருக்கு, இல்லை, எல்லோருக்கும் தெரிகிறது என்று தினமும் காலையில் சொன்ன மனிதர் அவர்.

படைப்பு வேறு, படைப்பாளி வேறு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வேறு பல கலைஞர்கள் விஷயத்தில் ஒத்துக்கொள்வேன். இங்கே எனக்கு அது அவ்வளவு சுலபமாக இல்லை, ஏனென்றால் டில்பர்ட் அவர் ஒருவரின் கற்பனை மட்டும் அல்ல. கடிதம் எழுதியவர்களின் வாழ்க்கை அது. அந்தக் கடிதங்களை எழுதியவர்களில் கறுப்பின ஊழியர்கள் இருந்திருக்க மாட்டார்களா? தங்கள் ஆபீஸ் அவமானத்தை நம்பி எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர் 2023இல் அந்த வீடியோவைப் பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. அதே காரணத்துக்காகத்தான் இந்தப் புத்தகத்தைத் தூக்கிப்போடவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கதைகள் அவர்களுடையவை, ஆடம்ஸ் பேசியதற்காக அவை பொய்யாகிவிடாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். டில்பர்ட் ஊழியர்களின் தோழன் இல்லை, ஊழியர்களைச் சிரிக்கவைத்து அடங்கியிருக்கச் செய்கிறது என்று நார்மன் சாலமன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1997இலேயே தனிப் புத்தகம் எழுதினார். கடைகளின் விளம்பரங்களில் டில்பர்ட் நடித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பார்வையில் விஷயம் இருக்கிறது. ஆடம்ஸின் புத்தகத்தில் சங்கம் என்ற பேச்சே கிடையாது, சேர்ந்து கேட்பது என்ற யோசனையே கிடையாது. தனியாகத் தப்பிப்பது எப்படி, வேலை செய்வதாகப் பாவனை செய்வது எப்படி என்பதோடு நின்றுவிடுகிறது. அடுத்தவனை நம்பாத ஒரு மனசு அங்கேயே இருந்திருக்கிறது என்று இப்போது படிக்கும்போது தோன்றுகிறது.

கடைசி அத்தியாயம் மட்டும் விதிவிலக்கு, புத்தகத்தை வாங்கச் சொல்வதற்கு அதுவே முக்கியக் காரணம். ஐந்து மணிக்கு ஊழியர்கள் வீட்டுக்குப் போய்விடவேண்டும், அப்படி ஒரு நிறுவனத்தை எப்படி நடத்துவது என்று கிண்டல் எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டுப் பேசுகிறார். தயாரிப்புக்கோ மனிதர்களுக்கோ நேரடியாகத் தொடர்பில்லாத எந்த வேலையும், அது தரக் குழுவோ, கொள்கை அறிக்கையோ, எதுவானாலும், ஒரு படி விலகிய வேலை, கடைசியில் உருப்படாது என்கிறார். மேனேஜரின் முதல் கடமை ஊழியரின் வழியில் குறுக்கே நிற்காமல் இருப்பது என்கிறார். வாரத்துக்கு எழுபது மணி நேரம் வேலை பார்க்கச் சொல்லி உபதேசம் நடக்கும் நம் நாட்டில், புதிதாக டீம் லீட் ஆகிறவர்கள் கையில் இந்த அத்தியாயத்தைக் கொடுக்கலாம்.

வாங்குவதாக இருந்தால்: பழைய பேப்பர்பேக் பதிப்புகள் சுலபமாகக் கிடைக்கின்றன, உள்ளே ஸ்ட்ரிப்கள் தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் இரண்டு பக்கம் புரட்டிப் பாருங்கள். கார்ட்டூன் மட்டும் போதும் என்பவர்கள் தொண்ணூறுகளில் வந்த தொகுப்புகளைத் தேடுங்கள், அவர் கை உச்சத்தில் இருந்த காலம் அது. 2013இல் வந்த சுயமுன்னேற்றப் புத்தகம் பரவாயில்லை ரகம், நூலகத்தில் கிடைத்தால் போதும். 'வின் பிக்லி' வேண்டாம். 2022 ஸ்ட்ரிப்களும் வேண்டாம், அவற்றில் சிரிப்பே வரவில்லை.